மறு: 'லேண்டட் ஜென்ட்ரி'க்கு (பரம்பரை நிலச்சொந்தக்கார வர்க்கம்) தமிழ்ல ஜமீன்தார் சரியா வருமா?

> மேற்கு அயர்லாந்து நிலக் குடும்பங்களுக்கு ஜமீன்தார்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணே, ஆனா தப்பா புரியும். ஜமீன்தார்னா 1802 நிரந்தர செட்டில்மென்ட்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு பேஷ்குஷ் (வருஷா வருஷம் நிலவரி) கட்டுறவர், கட்டலேன்னா ஜமீன் ஏலத்துக்குப் போயிடும். மேற்கு அயர்லாந்துல கால்வே, மேயோ பக்கம் பேஷ்குஷ்ங்கற பேச்சே கிடையாது, நிலம் குடும்பத்தோட சொந்த சொத்து, அத அடமானம் வச்சு, பொண்ணுங்க சீர்ப்பணத்தையும் அதுமேலயே ஏத்தி, தனியார் கடன்ல மூழ்கினவங்கதான் அதிகம். பாலினஹிஞ்ச் மார்ட்டின் குடும்பத்தையே பாருங்க, கால்வேயோட மேற்குப் பகுதி கனமாராவுல 2 லட்சம் ஏக்கர் கிட்ட, கேட்டா தலை சுத்தும், ஆனா பெரும்பாலும் மலையும் சதுப்பும். 1840-கள் உருளைக்கிழங்குப் பஞ்சத்துல தாமஸ் மார்ட்டின் 1847-ல காய்ச்சல்ல போயிட்டார், கடனோட எஸ்டேட் மக தலையில விழுந்துச்சு, கடைசில லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணு எடுத்துக்கிச்சு. இந்த மாதிரி எஸ்டேட்டுகள விக்கறதுக்குன்னே 1849-ல சட்டம் போட்டு தனி கோர்ட் வச்சாங்க.

'பிரபு'வும் வேண்டாம். வெஸ்ட்போர்ட் ப்ரௌன் குடும்பத்துக்கு மார்க்வெஸ் பட்டம் இருந்துச்சு, அவங்க பிரபு, சரி. மத்த முக்கால்வாசி பேருக்கு மிஞ்சிப்போனா பேருக்கு முன்னாடி ஒரு 'சர்', அவ்ளோதான். அப்புறம் எல்லாரையும் 'ஆங்கிலேய' நிலக்கிழார்னு எழுதாதீங்க ப்ளீஸ், மார்ட்டின், ப்ளேக், லிஞ்ச் எல்லாம் கால்வே டவுன்ல வியாபாரம் பண்ணின பழைய கத்தோலிக்கக் குடும்பங்க, சொத்தக் காப்பாத்த பின்னாடி சில கிளைங்க ப்ராட்டஸ்டன்ட்டா மாறினாங்க.

என் ஓட்டு 'கிழார்குடி'க்கு. கிழார்னா உரியவர், கோவூர் கிழார் மாதிரி ஊர்ப்பேரோட வரும், அங்கயும் கூல் கிரகரி, லிசடெல் கோர்-பூத்னு எஸ்டேட் பேரைச் சொன்னாதான் எந்தக் குடும்பம்னு தெரியும். தனி ஆளுக்கு நிலக்கிழார், வர்க்கத்துக்கு கிழார்குடி. (கூல் கிரகரின்னா நம்ம இலங்கை நண்பர்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான், 1872-ல கவர்னரா வந்து கொழும்பு மியூசியத்த ஆரம்பிச்ச அதே வில்லியம் கிரகரி. அந்த எஸ்டேட்டே கொள்ளுத்தாத்தா கிழக்கிந்தியக் கம்பெனில சம்பாதிச்ச காசுல வாங்கினது. பஞ்சத்தப்ப கால் ஏக்கருக்கு மேல நிலம் வச்சிருந்தா நிவாரணம் கிடையாதுன்னு சட்டத்துல சேர்த்ததும் இவர்தான், நிலத்த விட்டுட்டு கஞ்சிக்கு வரிசைல நின்ன குடும்பங்க எத்தனையோ.)

> பாய்காட் - நிலக்கிழார், மேயோ

இத மாத்தணும். லாஃப் மாஸ்க் பக்கம் நிலம் எர்ன் பிரபுவோடது, பாய்காட் அவரோட ஏஜென்ட், தனியா கொஞ்சம் குத்தகையும் வச்சிருந்தார். 1880-ல ஊரே அவர ஒதுக்கி வச்சு அறுவடைக்கு ஒருத்தரும் வராம, வடக்கே அல்ஸ்டர்லேர்ந்து 50 பேர பட்டாளக் காவலோட கொண்டுவந்து உருளைக்கிழங்கு தோண்ட வேண்டியதாச்சு. ஏஜென்ட்டுக்கு 'காரியஸ்தர்' கச்சிதமா இருக்கு, வாடகை வசூல், ஆளக் காலி பண்றது எல்லாம் அந்தாள் வேலைதானே.

'டிமெய்ன்'க்கு மட்டும் யாராவது சொல்லுங்க. பங்களாவச் சுத்தி குத்தகைக்கு விடாம தாங்களே வச்சிருந்த நிலம், வெறும் 'பண்ணை'ன்னு போட்டா குத்தகை நிலமும் அதுக்குள்ள வந்துடுது.