டிரஸ் ராடுக்கு "நிமிர்கோல்", பிரேசிங்குக்குச் "சட்டம்"

அண்ணா, மற்ற எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் செய்கிறவர்கள் சொல்லும் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கிட்டாரின் கழுத்துக்குள் புதைக்கிற இரும்புக் கோலான டிரஸ் ராடுக்கு வந்த யோசனை இது:

> டிரஸ் ராடை "வலுக்கம்பி" என்று சொல்லிவிடலாம். கழுத்துக்கு வலு தருவது அதுதானே?

இது எனக்கு இரண்டு இடத்தில் உதைக்கிறது. முதலில் கம்பி. கிட்டார் பக்கம் கம்பி என்றாலே மீட்டுகிற கம்பிதான். "கம்பி தளர்ந்திருக்கு, கொஞ்சம் இறுக்கு" என்றால் பையன் எதை இறுக்குவான்? மீட்டுவதைத் தந்தி என்று மாற்றிக்கொள்ளலாம் என்பீர்கள், எழுத்தில் சரி, பேச்சில் ஒருத்தரும் மாற்றமாட்டார்கள். தண்டு என்ற யோசனையும் வந்தது, அது வீணைக்காரர்களிடம் இடிக்கும், அவர்களுக்குத் தண்டி என்றால் கழுத்தேதான்.

அடுத்தது வலு. பெரிய சிக்கல் இங்கேதான். உருக்குக் கம்பி போட்ட கிட்டாரில் ஆறும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும், நைலான் என்றால் ஏறக்குறைய 40. இந்த இழுப்பில் கழுத்து முன்பக்கம் வளையும். வலு மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரு இரும்புப் பட்டையைப் புதைத்தாலே போதும், அமெரிக்காவில் கிட்டார் செய்கிற மார்ட்டின் கம்பெனி 1980களின் நடுப்பகுதி வரை திருக முடியாத இரும்பைத்தான் வைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை வாங்கிய கோல் வேறு சங்கதி: திருகினால் கழுத்தைப் பின்பக்கம் இழுத்து நிமிர்த்தும். அதனால்தான் நிமிர்கோல் என்கிறேன். இலக்கணப்படி "நிமிர்த்துகோல்" என்றுதான் வரவேண்டும் என்று யாராவது பிடிப்பீர்கள், தெரியும். திருகும்போது நிமிர்வது கழுத்து, அது நிமிர்வதற்கான கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாக்குக்கும் சுலபம்.

பெயர் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. வலுக்கம்பி என்று கேட்டவன், இறுக்க இறுக்க வலு கூடும் என்று நினைத்துத் திருகிக்கொண்டே போவான், கடைசியில் மரை வழுக்கும், இல்லையென்றால் கோலே முறியும். உண்மையில் பார்க்கவேண்டியது ஒரு சின்ன இடைவெளி. முதல் மெட்டிலும் (ஃபிரெட்) கழுத்து உடலோடு சேருகிற மெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது மெட்டுக்கு மேல் பார்த்தால் 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கவேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் கால் சுற்று திருகி, பொறுத்திருந்து, மறுபடி பார்ப்பது. கம்பி உயரமாக இருக்கிறது என்று இதைத் திருகுகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது, அது குதிரையில் (பிரிட்ஜ்) செய்யவேண்டிய வேலை.

பொருத்துவதைப் பற்றி அண்ணா கேட்டிருந்தார். கழுத்தின் நடுவில் நீளமான பள்ளமாகக் காடி எடுக்கிறோம், பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், ஆழம் வாங்கிய கோலைப் பொறுத்து. கோல் காடிக்குள் இறுக்கமாக உட்காரவேண்டும், ஆடினால் தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து கிர்ர் என்று கேட்கும், அதற்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் சிலிகோன் வைப்பார்கள். மெட்டுப் பலகையை ஒட்டும்முன் காடியின் மேல் மெல்லிய டேப் ஒட்டிவிடுங்கள். பசை மரைக்குள் போனால் நிமிர்கோல் வெறும் இரும்புத் துண்டு.

அப்புறம் பிரேசிங், அதாவது மேற்பலகைக்கு உள்பக்கம் ஒட்டித் தாங்கவைக்கிற மரத்துண்டுகள். "விலா" அழகான சொல்தான், ஆனால் கிட்டாரின் பக்கப்பலகைக்குத்தான் அது பொருந்தும், அங்கே செலவழிப்போம். உள்ளே ஒட்டுகிறவை சட்டம். சட்டம் என்றால் கோர்ட் ஞாபகம் வரும் என்கிறார் ஒருவர். ஜன்னல் சட்டம் என்னும்போது யாருக்கு வருகிறது? வகைகளும் தானாக அமைகின்றன: மார்ட்டின் 1840களில் கொண்டுவந்த குறுக்குமறுக்கு அமைப்பு கத்தரிச் சட்டம், ஸ்பெயினில் கிட்டார் செய்த டோரஸ் செம்மைப்படுத்தியது விசிறிச் சட்டம். உருக்குக் கம்பிக்குக் கத்தரி, நைலானுக்கு விசிறி, பொதுவாக.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிற நமக்குச் சட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இங்கே கோடைக்கால ஈரக்காற்றில் மேற்பலகை ஊறி அகன்றிருக்கும்போது சட்டத்தை ஒட்டி, அந்தக் கிட்டார் ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்துக்குப் போனால், அங்கே காற்று வறண்டது, பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்க்கும், நீளவாக்கு ரேகையுள்ள சட்டம் சுருங்கவிடாது, பலகை பிளக்கும். பீட்டில்ஸ் ஜான் லென்னன் சிறுவயதில் வாசித்த கேலோடோன் சாம்பியன் கிட்டார் நம்மூரில் செய்ததுதான், அதன் உள்ளே "பிளக்காது, உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருந்ததாம், சும்மா ஒட்டவில்லை போல. காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மூடிய அறையில் ஈரத்தை உறிஞ்சுகிற டிஹியுமிடிஃபயர்.

ஆக நிமிர்கோல், சட்டம், கத்தரிச் சட்டம், விசிறிச் சட்டம். இரண்டு பக்கமும் வளைக்கிற கோலுக்கு முன்னால் "இருவழி" சேர்த்துக்கொள்ளலாம். கோலைத் திருகுகிற அல்லன் சாவியை மட்டும் அல்லன் சாவி என்றே விட்டுவிடுங்கள், அது ஆள் பெயர்.