ஸ்டென்ட் வைத்தபின் ஏறிய ட்ரோபோனின்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு (67 வயது, சர்க்கரை உண்டு) போன வாரம் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாரடைப்பு வந்து செய்ததில்லை. நடந்தால் நெஞ்சு இறுக்கம், அவ்வளவுதான். முன்பு லிட்டருக்கு 12 நானோகிராம் இருந்த ட்ரோபோனின் ஐ (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்), மறுநாள் 148. ரிப்போர்ட்டில் ஆண்களுக்கான உச்ச வரம்பு 34 என்று போட்டு, 148-ஐத் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வீட்டில் அதைப் பார்த்துத்தான் கலவரம். வலி இல்லை, இசிஜி, எக்கோ மாறவில்லை. டாக்டர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

நான் படித்தவரை, மாரடைப்புக்கான 2018 உலகளாவிய வரையறைப்படி வரம்பைப்போல் 5 மடங்கு தாண்டி, கூடவே இசிஜி மாற்றம் போன்ற சான்றும் இருந்தால்தான் அது சிகிச்சையை ஒட்டி வந்த மாரடைப்பு. 5 மடங்கு என்றால் 170. அப்பா அதற்குக் கீழே. அமெரிக்க எஸ்சிஏஐ (ஸ்டென்ட் போன்ற சிகிச்சை செய்யும் இதய நிபுணர்களின் சங்கம்) 2013-இல் தந்த வரையறையோ, இசிஜி மாறாதவர்களுக்கு 70 மடங்கு கேட்கிறது! ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இந்தச் சின்ன ஏற்றம் பின்னாளைப் பற்றி ஏதாவது சொல்லுமா? கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.6 இருப்பதால் என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தாலும் கூடுதலாகத்தானே காட்டும்? ட்ரோபோனினின் இன்னொரு வகையான ட்ரோபோனின் டி எடுத்தால் இதோடு ஒப்பிட முடியாது என்று தெரியும். அப்புறம், அதே லேபில் மறுபடி பார்க்க வேண்டுமா, விட்டுவிடலாமா? கார்டியாலஜி, லேப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். மாத்திரை எதையும் நிறுத்தவில்லை.