மழையில் குதிரைக் குளம்பு நாறுகிறது, கால் தாங்குகிறாள். என்ன செய்யலாம்?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். எங்களிடம் எட்டு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. சனி ஞாயிறில் தேவனாம்பட்டினம் பீச்சில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவோம், முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கொட்டகை காயவே இல்லை. தரை களிமண், பரப்பிய வைக்கோல் எல்லாம் மூத்திரத்தில் ஊறிக் கிடக்கிறது. முன் வலது குளம்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நடுவே முக்கோணமாக மெத்தென்று இருக்குமே, அதன் பக்கப் பள்ளங்களில் கறுப்பாகப் பிசுபிசுவென்று கசிகிறது, நாற்றம் குடலைப் புரட்டுகிறது. கொக்கியால் சுரண்டினால் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்கிறாள். தீவனம் நன்றாக எடுக்கிறாள், மணலில் நடக்கிறாள், ஜல்லி ரோட்டில் ஏறினால் மட்டும் லேசாகத் தாங்குகிறாள்.

பக்கத்தில் ஒருவர் பழைய வண்டி ஆயிலை ஊற்று, தானாகக் காய்ந்துவிடும் என்கிறார். இன்னொருவர் கடல் தண்ணீரில் நிறுத்தச் சொல்கிறார். கார்த்திகையில் ஒரு ஊர்வலத்துக்கு முன்பணம் வேறு வாங்கியாயிற்று. எதைச் செய்வது?

வில்லியனூர் லாயம்:

ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நீங்கள் சொல்வது குளம்பு அழுகல் மாதிரிதான் தெரிகிறது. அதை உண்டாக்கும் கிருமி காற்றுப் படாத இடத்தில் வளர்வது, சேறும் லத்தியும் பள்ளத்தை அடைத்துக்கொண்டால் அதற்குக் கொண்டாட்டம். அதன் மேல் ஆயிலை ஊற்றினால் மூடி போட்டுக் கொடுத்த மாதிரி, மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே அழுகிக்கொண்டே போகும்.

முதலில் தரையைப் பாருங்கள், மருந்து அப்புறம். கொட்டகை ஈரமாக இருக்கிற வரைக்கும் என்ன மருந்து போட்டாலும் வீண். முழுக் கொட்டகையையும் இப்போது மாற்ற முடியாது, சரி, அவள் நிற்கிற இடத்தையாவது செங்கல் ஜல்லி கொட்டி அரை அடி உயர்த்தி, மேலே மணல் போட்டு, தண்ணீர் ஒரு பக்கமாக ஓடுகிற மாதிரி சரிவு கொடுங்கள். வைக்கோலை எடுத்துவிட்டு மரத்தூள் போடலாம், மரம் அறுக்கிற இடத்தில் கேட்டாலே கிடைக்கும், ஆனால் நனைந்ததை அன்றன்றைக்கு அள்ளிவிட வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது எங்கள் லாயத்துக்குள்ளும் தண்ணீர் ஏறியது. மேடு போட்டிருந்த பக்கம் நின்ற குதிரைகளுக்கு ஒன்றும் இல்லை, தாழ்வான பக்கத்தில் நின்றதுகளுக்குத்தான் நாற்றம் ஆரம்பித்தது.

அடுத்தது சுத்தம். காலையும் மாலையும் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாக இழுத்துச் சுரண்டுங்கள், எதிர்த்திசையில் வேண்டாம், மெத்தைப் பகுதியில் குத்திவிடும். பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போக விடுங்கள். ஈரத்தோடு மருந்து போட்டால் பாதி வேலைதான் நடக்கும். போவிடோன் அயோடினை, பால் சேர்க்காத டீ நிறத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலந்து பள்ளத்துக்குள் போகிற மாதிரி விடுங்கள். பிளவு ஆழமாக இருந்தால் அதே மருந்தில் நனைத்த பஞ்சை லேசாகச் செருகி, அடுத்த தடவை சுத்தம் செய்யும்போது மாற்றிவிடலாம். இறுக்கி அடைக்க வேண்டாம். மயில்துத்தம் போடுகிறவர்கள் உண்டு, கெட்டியான இடத்துக்குப் பரவாயில்லை, ஆனால் பச்சைச் சதை தெரிகிற இடத்தில் கடுமையாக எரிக்கும். ஒரு தடவை எரிந்தால் அப்புறம் காலைத் தூக்கவே விடமாட்டாள்.

தொங்குகிற செத்த தோலை லாடம் கட்டுகிறவர் வந்து சீவட்டும். நீங்கள் கத்தி எடுக்காதீர்கள்.

பாகூர் ஏரி:

ஆயில் நாங்கள் வருஷக்கணக்காக ஊற்றுகிறோம், எங்கள் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லையே. கடல் தண்ணீரும் நல்லதுதான், உப்பு கிருமியைக் கொல்லும்.

வில்லியனூர் லாயம்:

அண்ணே, உங்கள் இடம் மேட்டுமணல், அங்கே ஆயில் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் குளம்பு நன்றாகத்தான் இருக்கும். கடலில் ஒரு தடவை நனைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் அழுகலுக்குக் காரணமே ஈரம், அதற்கு வைத்தியம் என்று மணிக்கணக்கில் தண்ணீரில் நிறுத்தினால் குளம்பு இன்னும் ஊறி மிருதுவாகும், மணலும் பிளவுக்குள் போய் உட்காரும். பீச்சிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுவதே போதும்.

கால்நடை மாணவி (புதுச்சேரி):

மேலே சொன்ன முறை சரி. ஆனால் இது வெறும் அழுகலா, உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கணு மூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை மெல்ல வைத்தால் நாடி தெரியும். கெட்ட காலில் அது தடதடவென்று பலமாக அடித்து, குளம்பும் அடுத்த காலைவிடச் சூடாக இருந்தால் சீழ் என்று சந்தேகப்படலாம். சீழ் கட்டினால் நேற்று வரை நன்றாக நடந்த குதிரை இன்று காலையே ஊன்றாது. அதை டாக்டரோ, அவர் பக்கத்தில் இருக்கும்போது லாடக்காரரோ திறந்து வடிய விட வேண்டும். ஆணி குத்தி நிற்பதைப் பார்த்தால் நீங்களே பிடுங்கிவிடாதீர்கள், எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

இரண்டு முன்குளம்பும் சேர்ந்து சூடாகி, பாரத்தைப் பின்னால் தள்ளி நின்றால் அது வேறு சங்கதி, கொள்ளோ வேறு தானியமோ அளவுக்கு மீறித் தின்ற குதிரைக்கு வரும். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எதுவாக இருந்தாலும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் வீட்டு விலங்கு வேறில்லை, குளம்புப் புண்தான் அதற்கு நல்ல வாசல். மெடிக்கலில் கேட்டு வலி ஊசி வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது, அது போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று பாறு கழுகுகள் செத்துப்போனதால் 2006-லேயே தடை செய்யப்பட்டது, இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

அப்புறம், அவளைக் கட்டியே போடாதீர்கள். நடக்கும்போது அந்த மெத்தைப் பகுதி தரையில் அழுந்தி விரியும், அதில்தான் ரத்த ஓட்டமும் நடக்கிறது, அடைத்த சேறும் வெளியே வருகிறது. காய்ந்த மணலில், ஆளை ஏற்றாமல், கையில் பிடித்து நடத்துங்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நாடி இரண்டு காலிலும் ஒரே மாதிரிதான், சூடும் இல்லை. ஆனால் கழுவிய பிறகு பார்த்தால் நடுப்பள்ளத்தில் ஒரு பிளவு குதிகால் வரை ஏறியிருக்கிறது, பஞ்சு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஊசி போட்ட சீட்டு எதுவும் கையில் இல்லை. குளம்பு நன்றாக வளரத் தீவனத்தில் கலக்கிற பயோட்டின் பொடி வாங்கட்டுமா?

கால்நடை மாணவி (புதுச்சேரி):

பிளவு குதிகால் வரை போனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் கடலூர் என்பதால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்து பாருங்கள், இல்லையென்றால் குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுவரலாம். சீட்டு இல்லை என்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயோட்டின் பிறகு யோசிக்கலாம். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும், முழுசாக மாற ஒரு வருடம் பிடிக்கும், அதனால் இந்தக் கார்த்திகைக்கு அது உதவாது. அதற்குப் பதில் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவதை விடாமல் செய்யுங்கள். ஊர்வலம் வேண்டாம். தார் ரோட்டில், மேளச் சத்தத்தில், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்கிற கால் இல்லை இது.

கெடிலக்கரை:

சரி, டாக்டருக்குச் சொல்லியாயிற்று, நாளைக் காலை வருகிறார். பாகூர் அண்ணே, உங்கள் வெள்ளைக் குதிரை கார்த்திகையில் சும்மா இருக்கிறதா? முன்பணத்தை அப்படியே உங்களிடம் தந்துவிடுகிறேன்.

பாகூர் ஏரி:

தேதியைச் சொல்லுங்க தம்பி, பார்க்கிறேன். வெடி மட்டும் வைக்கக் கூடாது என்று கல்யாண வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், நம்மாள் வெடிச் சத்தம் கேட்டால் மாப்பிள்ளையோடு பாகூருக்கே திரும்பி வந்துவிடுவான்.