பழங்குடியினர் பரிசாகக் கொடுத்தார்கள் என்றால் அணியலாமா? இறகுக் கிரீடம், நட்சத்திரப் போர்வை, மேலங்கி

மணல்மேடு:
2022 ஜூலை 25, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், மஸ்க்வாசிஸ். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் கொடுமைகளுக்கு போப் பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டு முடித்தார். வில்டன் லிட்டில்சைல்ட் வந்து இறகுக் கிரீடத்தை அவர் தலையில் வைத்தார். வெள்ளைத் தொப்பிக்கு மேல் இறகுகள் விரிந்து நின்ற அந்த நொடி இன்னும் உறுத்துகிறது. திருட்டு என்று சொல்ல வழியில்லை. வைத்தவர் கிரீ என்ற பழங்குடியின் தலைவர், தாமே உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர். ஆனால் வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரிடம் அந்தக் கிரீடம் செயலால் சம்பாதிக்க வேண்டிய பொருள். பழங்குடியினரிலேயே பலர் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். கொடுக்க அவருக்கு உரிமை உண்டு, சரி. வாங்கிக்கொள்ளத் தகுதி?

நூல்கண்டு:
மணல்மேடு, தகுதியை நாம் ஏன் அளக்க வேண்டும்? கோயிலில் யாருக்குப் பரிவட்டம் கட்டுவது என்று வெளியூர்க்காரர் முடிவு செய்வதில்லையே. தானே கட்டிக்கொண்டு வந்து நின்றால்தான் தப்பு. 2012இல் உள்ளாடை நிறுவனம் ஒன்றின் மேடையில் மாடல் ஒருவர் அந்தக் கிரீடத்தோடு நடந்தாரே, அது தப்பு. நிறுவனமும் மன்னிப்புக் கேட்டு, ஒளிபரப்பில் அந்தப் பகுதியை வெட்டியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கொக்கிறகு:
நீங்கள் இருவரும் தகுதியிலேயே நிற்கிறீர்கள். இந்தக் கிரீடங்களுக்கு வழக்கமாகக் கழுகு இறகுதான்; அதனால் அமெரிக்காவில் முதலில் குறுக்கே வருவது சட்டம். வெண்தலைக் கழுகுக்கு 1940 முதல், பொன்னாங்கழுகுக்கு 1962 முதல் பாதுகாப்பு. அரசு அங்கீகரித்த பழங்குடியில் பதிவு பெறாதவர் ஒரே ஓர் இறகை வைத்திருப்பதும் குற்றம். பரிசாக வந்தது என்ற வாதம் எடுபடாது. முதல் தடவைக்கே 1,00,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பதிவு பெற்றவர்களே, இறந்த கழுகுகளைச் சேகரித்துத் தரும் கொலராடோவிலுள்ள தேசியக் கழுகுக் காப்பகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள். முழுப் பறவைக்கு ஆண்டுக்கணக்காகும்.

அதனால் யாராவது தருவதாகச் சொன்னால் விழாவுக்கு முன்பே பேசிவிடுங்கள். மேடையில் மறுப்பது கொடுப்பவருக்கு அவமானம். என்ன பறவை என்று கேளுங்கள். சாயமிட்ட வான்கோழி இறகென்றால் சிக்கலில்லை. பருந்தென்றால் 1918ஆம் ஆண்டுப் புலம்பெயர் பறவைச் சட்டம் வந்து நிற்கும். இறகு வேலையை வீட்டில் வைப்பதானால் தண்ணீர் படக் கூடாது, தரையில் வைக்கவே கூடாது. பூச்சி அரித்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை விடாவிட்டால் இறகில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

பவ்வாவ் என்ற பழங்குடி விழாவின் ஆட்டத்தில் கழுகு இறகு ஒன்று கீழே விழுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முரசு நிற்கும். யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள், படமும் எடுக்கக் கூடாது. முன்னாள் படைவீரர்கள் வந்து சுற்றி நின்று, சடங்கு செய்துதான் எடுப்பார்கள்.

ஊசிமுனை:
கொக்கிறகு பயமுறுத்துவதைப் பார்த்துவிட்டு எல்லாப் பரிசுக்கும் கைகட்டி நிற்காதீர்கள். அமெரிக்கப் பழங்குடியான லக்கோட்டா மக்களின் நட்சத்திரப் போர்வை வேறு வகை. எருமைத்தோல் போர்வையின் இடத்துக்கு வந்தது அது. கொடுப்பதற்காகவே தைக்கிறார்கள், விருந்தாளி தோளிலும் போர்த்துகிறார்கள். நட்சத்திரத்துக்கு எட்டு முனை, முனைக்கு ஒரு பெரிய டைமண்ட். அதில் 7 வரிசை, வரிசைக்கு 7 துண்டு என்றால் மொத்தம் 392 துண்டு. டைமண்டின் இரண்டு விளிம்பு துணியின் இழைக்குச் சாய்வாக, கிராஸாக விழுவதால் துணி இழுபடும். தையலுக்கு விடும் கால் அங்குலம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் எட்டு முனையும் சேரும் நடுப்பகுதி கூடாரம்போல் எழும்பிவிடும். அத்தனை உழைப்பைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தால் கொடுத்தவருக்குத்தான் வருத்தம். போர்த்திக்கொள்ளுங்கள். துவைப்பதானால் குளிர்ந்த நீர், முறுக்கிப் பிழியக் கூடாது.

மணல்மேடு:
நூல்கண்டுக்கு: அளப்பது நானல்ல, அவர்களே அளந்தார்கள் என்றுதான் சொன்னேன். பரிவட்டத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கா கொடுத்தனுப்புகிறார்கள்? நியூசிலாந்துப் பழங்குடியான மாவோரி மக்களின் மேலங்கியான கொரோவாயைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் பக்கிங்காம் அரண்மனை விருந்துக்கு அணிந்து போனது லண்டன் மாவோரி குழு ஒன்றிடம் இரவல் வாங்கியது. பட்டமளிப்பு விழாக்களிலும் இரவல் கொரோவாய் சகஜம். போர்த்தும்போதே, இது எனக்கா, இன்றைக்கு மட்டுமா என்று கேட்டுவிடலாம். அதைப் போர்த்திக்கொண்டு கழிப்பறைக்குப் போகக் கூடாது, சாப்பாட்டு மேசையில் மடித்து வைக்கவும் கூடாது.