கட்டுரையைப் படிக்கும்படி எழுத வைப்பது எப்படி?

தமிழாசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஓர் உதவி வேண்டும்.

பொதுத்தேர்வில் குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் பிள்ளைகள் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வகுப்பு முழுவதும் எழுதியது ஒருவரே எழுதியதுபோல இருக்கிறது. மழைநீர் சேமிப்பு என்றால் எல்லோரும் அதே குறளில்தான் தொடங்குகிறார்கள்.

பேச்சில் இப்படி இல்லை. ஊர்க் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்ததை ஒரு மாணவி சொன்னபோது வகுப்பே அசையாமல் கேட்டது. அவளையே எழுதச் சொன்னால், "மழை மனிதனுக்கு மிகவும் இன்றியமையாதது" என்று தருகிறாள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வெளியூரில் இருக்கும் அத்தைக்கோ மாமாவுக்கோ சொல்வதுபோல எழுதச் சொன்னேன். கொஞ்சம் உயிர் வந்தது. முதல் வரியை மட்டும் மூன்று விதமாக எழுதவைப்பது இன்னும் நன்றாகவே பலன் தருகிறது. ஆனாலும் தேர்வுத்தாள் என்றதும் மதிப்பெண் குறையுமோ என்று பயந்து பழைய நடைக்கே போய்விடுகிறார்கள்.

விடைத்தாள் திருத்தும் பணிக்குச் செல்பவர்கள் சொல்லுங்கள்: உட்தலைப்புகள் முறையாக இருந்து, உள்ளே சொந்த அனுபவம் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைப்பீர்களா? ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, எங்கே சலித்தது என்று மனம் நோகாமல் சொல்லப் பழக்கியவர்கள் யாராவது உண்டா? எப்படித் தொடங்கினீர்கள்? உங்கள் பிள்ளைகளின் நல்ல கட்டுரை இருந்தால், பெயரை மறைத்துப் படமெடுத்துப் போடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் வாசித்துக் காட்ட விரும்புகிறேன்.