நைட் லோர் நடுவில் மந்தமாவது ஏன்? கூடவே அல்டிமேட் கம்பெனி பற்றி ஒரு சந்தேகம்

பிக்சல்பித்தன்:
ஃப்யூஸ் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் நிரல்) 48கே ஸ்பெக்ட்ரம் என்ற 1980களின் வீட்டுக் கணினியைத் தேர்ந்தெடுத்து, அல்டிமேட் கம்பெனியின் 'நைட் லோர்' கேமை ஓட்டுகிறேன். காலி அறையில் நாயகன் சேபர்மேன் விறுவிறுவென நடக்கிறான். நகரும் கட்டை, பந்து, பேய் என மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் எல்லாமே ஊர்கிறது. செட்டிங் கோளாறா, கேமே அப்படித்தானா? இன்னொன்று: அதே கம்பெனியின் 'சேபர் வுல்ஃப்' வந்ததும் 1984, இதுவும் 1984. சில மாதங்களில் அல்டிமேட் எப்படி இந்த முப்பரிமாணத்துக்குத் தாவியது?

இசட்80வாசி:
செட்டிங் சரிதான், கேமே அப்படித்தான். இந்த கேம் திரையின் 50 ஹெர்ட்ஸ் துடிப்போடு பூட்டப்படவில்லை. ஒரு சுற்று வரைந்து முடித்த பிறகுதான் அடுத்த சுற்று, அதனால் வரைய வேண்டியது கூடினால் வேகம் குறையும்.

48கே ஸ்பெக்ட்ரமில் ஒரு ஃபிரேமுக்கு (திரை ஒருமுறை வரையப்படும் நேரம்) கிடைப்பது 69,888 டி-ஸ்டேட், அதாவது பிராசசரின் கடிகாரத் துடிப்பு. திரையின் பிக்சல் பகுதி 6,144 பைட். அதை எல்டிஐஆர் என்ற நகலெடுக்கும் பிராசசர் கட்டளையால் இடம் மாற்ற பைட்டுக்கு 21 டி-ஸ்டேட் வீதம் 1,29,024 ஆகிறது. வெறும் நகலுக்கே கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம் காலி! அதனால் மாறிய பகுதியை மட்டும்தான் திரும்ப வரைகிறார்கள். அங்கேயும் வேலை குறைவில்லை: பொருள்களைப் பின்னிருந்து முன்னாக வரிசைப்படுத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முதலில் பின்னணியை மாஸ்க்கோடு (உருவத்தின் வெட்டு வடிவம்) 'ஆண்ட்' செய்து இடத்தைக் காலியாக்கி, பிறகு படத்தை 'ஆர்' செய்து பதிக்க வேண்டும், கடைசியில் திரைக்கு மாற்ற வேண்டும். நான்கு பொருள் ஒன்றாக நகர்ந்தால் நேரம் எங்கே போகிறது என்று தெரியும்.

அறைக்கு ஒரே நிறம் இருப்பதும் இதோடு ஒட்டியதுதான். 8×8 பிக்சல் கட்டத்துக்கு இரண்டே நிறம். சாய்கோணத்தில் ஒன்றை ஒன்று மறைக்கும் பொருள்களுக்குத் தனித்தனி நிறம் கொடுத்தால் ஒன்றின் நிறம் மற்றதில் ஒழுகும்.

எமுலேட்டர் வேகத்தை 100 சதவீதத்திலேயே வையுங்கள். ஏற்றினால் நெரிசல் அறை சுமுகமாகும், ஆனால் காலி அறையில் ஆள் பறப்பான், தாண்டல் கணக்கு தப்பும்.

பழையகேசட்:
இரண்டாவது கேள்விக்கு: தாவவே இல்லை. 'நைட் லோர்' முதலில் முடிந்தது, வெளியிட்டதுதான் பிந்தி. இதை முன்னால் விட்டால் 'சேபர் வுல்ஃப்' விலைபோகாது என்று எடுத்து வைத்துவிட்டதாக அல்டிமேட்டைத் தொடங்கிய ஸ்டாம்பர் சகோதரர்களே 1988இல் 'கிராஷ்' என்ற ஸ்பெக்ட்ரம் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் சொன்னார்கள். பேட்டி கொடுப்பதே அரிதானவர்கள் என்பதால் அந்தப் பேட்டிக்கு மதிப்பு அதிகம். நம்பலாம் என்றே நினைக்கிறேன், வியாபாரக் கணக்கு பொருந்துகிறது.

டிம், கிறிஸ் இருவரும் வீட்டுக் கணினிக்கு வருமுன் ஆர்கேட் இயந்திரங்களில் வேலை பார்த்தவர்கள். 1982இல் லெஸ்டர்ஷயரின் ஆஷ்பி-டி-லா-சூச் ஊரில் ஆஷ்பி கம்ப்யூட்டர்ஸ் அண்ட் கிராஃபிக்ஸ் தொடங்கினார்கள். 'அல்டிமேட் பிளே த கேம்' அதன் வியாபாரப் பெயர். 1983இல் 'ஜெட்பேக்', 'ப்ஸ்ஸ்ட்', 'ட்ரான்ஸ் ஆம்', 'குக்கி' நான்கும் 5.50 பவுண்டு. 'சேபர் வுல்ஃப்' ஒரேயடியாக 9.95. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியவன் கேசட்டைச் சும்மா நகலெடுக்கக் கொடுக்க மாட்டான் என்பது அவர்கள் வாதம். பெட்டியும் பெரிதாகியது.

பிக்சல்பித்தன்:
நன்றி இருவருக்கும். அந்த முதல் நான்கும் 16கே மெஷினிலேயே ஓடியதாமே, எப்படி? அப்புறம், 'நைட் லோர்' சாவிகள் கைக்கு அடங்கவே இல்லை.

இசட்80வாசி:
ஆமாம், 16கேதான். 16,384 பைட்டில் திரைக்கு 6,912 போனால் (பிக்சல் 6,144, நிறம் 768) மிச்சம் 9,472. நிரல், படம், ஒலி, ஸ்டாக் (பிராசசரின் தற்காலிகக் குறிப்பிடம்) எல்லாம் அதற்குள். போதாததற்கு, அந்த 16கே முழுவதும் திரையை வரையும் யுஎல்ஏ சிப்போடு பங்கு போடும் நினைவகம். திரை வரையப்படும் நேரத்தில் பிராசசர் காத்திருக்க வேண்டும். 48கேயில் நினைவக முகவரி 32,768இலிருந்து மேலே அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் எனக்கு 'நைட் லோர்' ஆச்சரியத்தைவிட 'ஜெட்பேக்' ஆச்சரியம் பெரிது. இந்த நான்கும் ஸ்பெக்ட்ரமில் மாட்டும் இன்டர்ஃபேஸ் 2 என்ற துணைக்கருவிக்கான ரோம் கார்ட்ரிட்ஜாகவும் வந்தன.

சாவி விஷயம்: இயல்பாக இடது வலது அழுத்தினால் ஆள் திரும்பத்தான் செய்வான், நடக்கத் தனிச் சாவி. மெனுவில் 5ஐ அழுத்தி 'டைரக்ஷனல் கன்ட்ரோல்' போட்டு, கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்கும் (2) தேர்ந்தெடுத்து, 0 அழுத்துங்கள். கெம்ப்ஸ்டனை எமுலேட்டரிலும் இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேம் ஜாய்ஸ்டிக்குக்கான 31ஆம் போர்ட்டில் குப்பையைப் படித்து ஆள் தானாக நகர்வான்.

பழையகேசட்:
கம்பெனியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சகோதரர்கள் நின்டென்டோவின் ஃபாமிகாம் கேம் கன்சோலை ஆராய்ந்து, 1985இல் ரேர் என்ற கம்பெனியைத் தொடங்கி அந்தப் பக்கம் போனார்கள். அல்டிமேட் பெயர் யு.எஸ். கோல்ட் என்ற கேம் வெளியீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1987இன் 'மார்ஷியனாய்ட்ஸ்', 'பப்ளர்' இரண்டிலும் பழைய மெருகைத் தேட வேண்டாம். முறைப்படி விளையாட, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2015இல் வந்த 'ரேர் ரீப்ளே' தொகுப்பில் 'ஜெட்பேக்', 'சேபர் வுல்ஃப்', 'நைட் லோர்' மூன்றும் இருக்கின்றன.