ஒன்பதாவது கொண்டை ஊசியில் கல்லாகிப் போன ஸ்டியரிங்: உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோரிமேட்டுக்காரன்:

நாலு மாதம் ஆகிறது, இன்னும் மலை இறங்கினால் உள்ளங்கை வேர்க்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அப்போது வண்டி வாங்கி 11 வாரம், ஓடியது 2,300 கிலோமீட்டர். ஞாயிறு சாயங்காலம், லேசான தூறல், ஏற்காட்டிலிருந்து இறங்குகிறோம், பின் சீட்டில் மாமனாரும் மாமியாரும். மொத்தம் இருக்கும் 20 வளைவில் ஒன்பதாவது. பாதி ஒடித்திருப்பேன், டிங் என்று ஒரு சத்தம், மீட்டரில் மஞ்சளாக ஸ்டியரிங் படம், அதோடு ஸ்டியரிங் லாக். கீழேயிருந்து பஸ் ஏறி வருகிறது. அதன் கண்ணாடியில் வைப்பர் இடமும் வலமும் போய்வந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது, வேறு எதுவும் ஞாபகமில்லை. இரண்டு கையாலும் தொங்காத குறையாக இழுத்தேன், எப்படியோ திரும்பியது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் நாம் வழி விட வேண்டும், அன்றைக்கு அந்த டிரைவர் எனக்காக நின்றார்.

மாமனார் சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பின்னாலிருந்து நிதானமாக, "பவர் இல்லாத லாரிய இப்படித்தான் மாப்பிள்ளை ஒடிப்போம், என்ன, அதுல வீல் பெருசா இருக்கும்" என்றார். மாமியார் அடிவாரம் வரும்வரை வாயே திறக்கவில்லை.

கீழே நிறுத்தி, ஆஃப் பண்ணி, ஆன் பண்ணினால் விளக்கைக் காணோம். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து "எரர் கோடு எதுவும் இல்லை சார்" என்று வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை சேலம் ஐந்து ரோடு பாலத்தில், மூன்றாவது தடவை கொண்டலாம்பட்டி பைபாஸில். அப்புறம்தான் ஸ்டியரிங்கில் இருக்கும் டார்க் சென்சாரில் கோளாறு என்றார்கள். "காலம் மாத்தணும் சார்" என்றார் அட்வைசர், எனக்குக் கெட்ட காலம் என்றே காதில் விழுந்தது. அவர் சொன்னது ஸ்டியரிங் காலம் (column), ஸ்டியரிங்கைத் தாங்குகிற தண்டுப் பகுதி. அதை முழுதாக மாற்ற, பாகம் வர 19 நாள். இப்போது சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

மேட்டூர் ரோடு:

எனக்கு இவ்வளவு பயங்கரம் இல்லை. புது வண்டி, சீலநாயக்கன்பட்டி தாண்டி நாமக்கல் ரோட்டில் கையை லேசாக விட்டால் இடது பக்கம் இழுக்கும். மூன்று முறை அலைன்மெண்ட், மூன்று முறையும் ரிப்போர்ட் தாளில் எல்லாம் பச்சை. ரோடே இடது பக்கம் கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கும் சார் என்றார்கள், அது உண்மைதான், ஆனால் இது அந்த அளவு இல்லை. கடைசியில் டயர் கடைத் தம்பி ஒருவன் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டான், வண்டி வலது பக்கம் இழுத்தது! டயரில்தான் கோளாறு. அவன் வாங்கிய கூலி 200 ரூபாய். நான் ஷோரூமுக்கு அலைந்த பெட்ரோல் அதைவிட அதிகம்.

லைன்மேடு பழைய ஆள்:

முதல் பதிவு எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங் லாக் ஆனது என்று எழுதாதீர்கள், படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது லாக் இல்லை, பவர் ஸ்டியரிங்கின் மோட்டார் உதவி போனது. இந்த மாதிரி வண்டியில் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டும், சக்கரத்தைத் திருப்புகிற ரேக் என்ற பல்சட்டமும் நேராகத்தான் இணைந்திருக்கின்றன, மோட்டார் உதவிக்கு மட்டும். நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அளந்து மோட்டாருக்குச் சொல்வதுதான் அந்த டார்க் சென்சார். அது சொல்வதில் சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்திவிடும், தப்பான பக்கம் திருப்பித் தொலைக்கக் கூடாதே என்று. அதனால் கனமாகும், ஆனால் திரும்பும். உங்களுக்கும் திரும்பியதே.

எனக்கும் ஒரு தடவை ஓமலூர் டோல்கேட்டில் இப்படி ஆனது, பேட்டரி வீக், மாற்றினேன், முடிந்தது. அது போகட்டும்.

இனி செய்ய வேண்டியது. விளக்கு எரியும்போது எஞ்சினை ஆஃப் பண்ணாதீர்கள். ஓரமாக நிறுத்தி, கிலோமீட்டரும் விளக்கும் சேர்ந்து தெரிகிற மாதிரி மொபைலில் வீடியோ எடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதிக்கொள்கிற ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள், "ஓடும்போது ஸ்டியரிங் கனமானது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுத வைத்து நகல் வாங்குங்கள். ஹாரன், ஃபாக் லைட் என்று வெளியில் வயரை வெட்டி ஏதாவது மாட்டியிருந்தால் முதலில் அதைத்தான் காரணம் காட்டுவார்கள், தெரிந்துகொள்ளுங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் மாவட்டத்திலேயே வரும், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். தயாரிப்புக் குறை என்று சொன்னால் மட்டும் போதாது, நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அதனால்தான் ஜாப் கார்டு ஜாப் கார்டு என்று அடித்துக்கொள்கிறேன்.

கோரிமேட்டுக்காரன்:

அண்ணே, வழக்குப் போடுவது பற்றி நான் கேட்கவே இல்லை. லாக் இல்லை, கனம் என்கிறீர்கள், சரி. அந்த வளைவில், எதிரே பஸ்ஸோடு, உங்கள் கையில் அது இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பீர்கள்? உங்களுக்கு டோல்கேட்டில், நின்ற இடத்தில் ஆனது.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:

டோல்கேட் அண்ணன் சொல்வது கணக்குப்படி சரிதான். ஆனால் என் எடை 46 கிலோ. மெயின் பஜாரில் மூட்டை வண்டிகளுக்கு நடுவே திரும்பும்போது எனக்கும் இதே மஞ்சள் விளக்கு, வண்டி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மெதுவாகப் போகும்போதுதான் கனம் அதிகம், வேகத்தில் இவ்வளவு தெரியாது, அதனால் சந்தில் மாட்டிக்கொண்டால் என்னைப் போன்றவர்களுக்கு லாக் ஆன மாதிரிதான். மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என்னோடு சேர்ந்து திருப்பிக் கொடுத்தார். அவர் கையெல்லாம் மஞ்சள் தூள், இன்னும் ஸ்டியரிங் தையலில் அந்த நிறம் போகவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் அது இல்லை. சர்வீஸ் சென்டரில் நான் எல்லாம் சொல்லி முடித்ததும், "மேடம், வீட்டில் சார் யாராவது வண்டி ஓட்டிப் பார்த்தாங்களா?" என்று கேட்டார்கள். மறுநாள் என் மாமனார் போய் அதையே சொன்னார், உடனே எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தார்கள். லூஸ். அவருக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

மேட்டூர் ரோடு:

கோரிமேட்டுக்காரரே, மாற்றிய பழைய காலத்தைக் கேட்டு வாங்கினீர்களா?

கோரிமேட்டுக்காரன்:

இல்லை. வாரண்டியில் மாற்றினால் பழையது கம்பெனிக்குத் திரும்பப் போய்விடுமாம். போன வெள்ளிக்கிழமை மாமியாருக்கு ஏற்காட்டில் ஒரு கல்யாணம். வண்டி வாசலில் நிற்கிறது, அவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துவிட்டார்.